பேருக்குள் புகுந்த கரடி: பேர்ன் தமிழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

சுவிஸின் பேர்ன் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் புதன் பின்னேரங்களிலும் சனிக்கிழமைகளிலும் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவர்கள் நீங்கள். கிழமை முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, ஓய்ந்திருக்க வேண்டிய நேரத்தில் கரும்பலகைக்கு முன்னால் நிற்கிறீர்கள். அதற்கு நன்றி சொல்லாமல் குறை சொல்ல வந்தால் என் நாக்கு அழுகிவிடும். ஆகவே நன்றி முதலில். குறை இனி.

போன சனிக்கிழமை என் பேத்தி வகுப்பிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். 'எங்கள் நகரத்தின் சின்னம்' என்று தலைப்பு. வண்ணம் தீட்டுவதற்காகப் பேர்ன் நகரத்து வாப்பன் கீறியிருந்தது. (சின்னம் என்றால் அவளுக்கு விளங்காது, வாப்பன் என்றால்தான் விளங்கும். அது வேறொரு மடலுக்கான விஷயம்.) கேடயத்தின் நிலம் சிவப்பு. குறுக்கே சரிவாக ஒரு பொன் நிறப் பட்டை. அந்தப் பட்டையில் மேல்நோக்கி ஏறும் ஒரு கறுப்புக் கரடி. படத்துக்குக் கீழே நான்கு வரி: 1191ஆம் ஆண்டு பெர்ஹ்டோல்ட் என்ற பிரபு இங்கே ஊர் அமைக்க வந்தார். வேட்டையில் முதலில் பிடிபடும் விலங்கின் பேரை ஊருக்கு வைப்பேன் என்றார். கரடி பிடிபட்டது. ஆகவே பேர்ன்.

அவள் தாளைக் குசினி மேசையில் விரித்து, மஞ்சள் பென்சிலைச் சீவிக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டாள்.

"அம்மப்பா, முதல் முயல் பிடிபட்டிருந்தா எங்கட ஊருக்கு என்ன பேர்?"

"பள்ளிக்கூடத்துக் கரடிக்கு அடியில சிவப்பா ஒண்டு இருக்கு. இந்தக் கரடிக்கு ஏன் இல்லை?"

பள்ளிக்கூடம் என்று அவள் சொன்னது சுவிஸ் பள்ளிக்கூடத்தை. முதல் கேள்விக்குச் சிரித்துச் சமாளித்தேன். இரண்டாவது கேள்விக்கு என் மகள் என்னைப் பார்த்தாள், நான் யன்னலைப் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் நழுவியது இரவு முழுக்க உறுத்தியது. அதனால்தான் இந்த மடல்.

முயலிலிருந்து தொடங்குகிறேன்.

வேட்டைக் கதையைத் தாளிலிருந்து நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அறுநூறு ஆண்டுகளாக இந்த ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லி மகிழும் கதை அது. ஆனால் அதை யார் சொன்னார், எப்போது சொன்னார் என்பது தாளில் இல்லை. ஸேரிங்கன் குலத்து ஐந்தாம் பெர்ஹ்டோல்ட் ஊரை அமைத்தது 1191இல் என்பார்கள். கதையை எழுத்தில் வைத்தவர் கொன்ராட் ஜஸ்டிங்கர். நகரத்தின் வரலாற்றை எழுதும்படி நகரசபை அவரைப் பணித்தது 1420இல். இடையில் 229 ஆண்டுகள். ஆரே நதி மூன்று பக்கமும் வளைத்து ஓடும் மேட்டுநிலம், அதில் ஓக் மரக்காடு, காட்டில் வேட்டை, பிடிபட்ட கரடி, பிறகு ஊர் கட்ட மரம் வெட்டும்போது 'மரமே மரமே, மனமுவந்து வெட்டுப்படு, இந்த ஊருக்குப் பேர் பேர்ன்' என்கிற மாதிரி ஒரு சொலவடை. ஜெர்மன் மொழியில் அது எதுகை தட்டி வரும். மனமுவந்து என்பதற்கு 'கேர்ன்', ஊருக்குப் 'பேர்ன்'.

இதைப் படித்தபோது எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் ஊர்க் கோயில்களின் தலபுராணங்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். மேய்ச்சலுக்குப் போன பசு ஒரு புற்றின்மேல் தானாகப் பால் சொரியும், வெட்டிப் பார்த்தால் இலிங்கம் இருக்கும், மண்வெட்டி பட்ட இடத்தில் இரத்தம் வரும். எத்தனை கோயிலுக்கு ஒரே பசு! ஜஸ்டிங்கர் எழுதியது பேர்னின் தலபுராணம். பசுவுக்குப் பதிலாகக் கரடி. தலபுராணத்தைத் தலபுராணமாகச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைக்கு இரட்டை இலாபம், கதையும் கிடைக்கும், அது கதை என்ற தெளிவும் கிடைக்கும். நான்கு வரித் தாளில் அது வெறும் செய்தியாகிவிட்டது.

கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்று என்றால் 1224ஆம் ஆண்டு முத்திரைதான். ஊர் அமைந்து முப்பத்துமூன்று ஆண்டுக்குள் கரடி முத்திரையில் ஏறிவிட்டது. ஆகவே கரடி பழையது, அதில் ஐயமில்லை. ஆனால் கரடியிலிருந்து பேர் வந்ததா, பேரிலிருந்து கரடி வந்ததா?

கரடிக்கு ஜெர்மன் மொழியில் பேர் 'பேர்'. எங்கள் காதில் விழும்போது அப்படித்தான் விழும், பெயர் என்பதன் பேச்சு வழக்காக. பேர்ன் என்ற சொல்லைக் கேட்ட எந்த ஜெர்மன்காரனுக்கும் பேர் என்ற விலங்கு நினைவுக்கு வரும். இப்படிப் பேரின் ஒலியை வைத்துக்கொண்டு கீறப்படும் சின்னத்தை அவர்கள் 'பேசும் வாப்பன்' என்பார்கள். வாசிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்த்து ஊர்ப் பேரைச் சொல்லிவிடுவான். எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில் இது கெட்டித்தனம். பேர்லின் நகரமும் இதையே செய்தது. அங்கேயும் கரடிதான், அந்தப் பேருக்கும் கரடிக்கும் பிறப்பில் உறவில்லை என்கிறார்கள் மொழியறிஞர்கள்.

அப்படியானால் பேர்ன் என்ற பேர் எங்கிருந்து வந்தது? இரண்டு வழி காட்டுகிறார்கள். இத்தாலியில் உள்ள வெரோனா நகரத்துக்கு அந்தக் கால ஜெர்மன் மொழியில் பேர் 'பேர்ன்'. அவர்களுடைய வீரப் பாடல்களில் வரும் 'பேர்ன் நகரத்து டீட்ரிஹ்' எங்கள் பேர்னைச் சேர்ந்தவனல்ல, வெரோனாக்காரன். ஸேரிங்கன் குலத்து மூதாதை ஒருவர் 1061 அளவில் வெரோனாவின் எல்லைப்பிரபு என்ற பட்டமும் பெற்றிருந்தார். அந்தப் பெருமையை நினைத்துப் புது ஊருக்குப் பழைய பேரை வைத்திருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போனவர் வீட்டுக்கு ஊர்ப் பேர் வைப்பதில்லையா, அதுபோல.

மற்ற வழி இன்னும் சுவையானது. 1980களில், பழைய நகரத்துக்கு வடக்கே ஆரே வளைந்தோடும் 'எங்கே' என்ற பேருடைய மேட்டுக் காட்டில் ஒரு துத்தநாகத் தகடு கிடைத்தது. கிரேக்க எழுத்தில், உரோமருக்கு முன்பே இங்கே வாழ்ந்த கெல்ட்டியரின் மொழியில் நான்கே சொற்கள். கோபானோ என்ற கொல்லர் தெய்வத்துக்கு அளித்த காணிக்கை. அதில் ஒரு சொல் 'பிரெனோடோர்'. அந்த மேட்டில் உரோமர் காலத்தில் இருந்த குடியிருப்பின் பேர் அது என்று கொள்கிறார்கள். பேர்ன் என்பது அதன் தேய்ந்த வடிவமாக இருந்தால், பெர்ஹ்டோல்ட் வில்லெடுத்து வருவதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே பேர் இங்கே காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஆகவே பேத்திக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: முயல் பிடிபட்டிருந்தாலும் ஊருக்குப் பேர் பேர்ன்தான், பிள்ளை. கதையில்தான் முயலை ஒளித்துவைத்திருப்பார்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ஆரே என்பது தமிழ் 'ஆறு'தான் என்று சத்தியம் செய்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். கோடையில் ஆரேக் கரையில் இறைச்சி வாட்டும்போது இந்தக் கதை கட்டாயம் வரும். அடுத்த பியரில் 'பேர்' என்பதும் தமிழ் என்பார்கள். ஒலி ஒத்துப்போனால் உறவு கொண்டாடுவது மனிதக் குணம். ஜஸ்டிங்கரும் அதைத்தான் செய்தார், அவருக்குக் கரடி கிடைத்தது, நமக்கு ஆறு கிடைத்திருக்கிறது. சிரித்துவிட்டுப் போகலாம். தாளில் அச்சடித்துப் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது, அவ்வளவுதான்.

நம்முடைய மொழியிலும் இப்படி ஒரு கரடி புகுந்திருக்கிறது, கவனித்தீர்களா? சிவபூசைக்குள் கரடி புகுந்த மாதிரி என்கிறோம். பூசை நடக்கும் இடத்துக்குக் காட்டுக் கரடி ஏன் வரவேண்டும்? கரடி என்பது இங்கே விலங்கல்ல, கரடிகை என்ற தோற்கருவி, பூசையில் அது திடீரென்று முழங்கும், அதைத்தான் சொன்னார்கள் என்று விளக்கம் சொல்வோர் உண்டு. சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில் தோற்கருவிகளின் பட்டியலில் கரடிகை இருக்கிறது. அந்த விளக்கம் சரியென்றால், வாத்தியம் மறைந்தபின் அதன் ஒலியைப் பிடித்துக்கொண்டு ஒரு விலங்கு பூசைக்குள் வந்துவிட்டது. பேர்னில் நடந்ததும் அதுதான், ஒலியின் வாசலால் ஒரு கரடி உள்ளே வந்தது. ஐரோப்பாப் பிளாட்ஸில் 2014 டிசம்பரில் திறந்த சமயங்களின் இல்லத்துக்குள் சிவனுக்குத் தமிழில் பூசை நடக்கிறது. வெளியே வந்தால் பேருந்திலும் கொடியிலும் கரடி நிற்கிறது. இந்த ஊரில் அந்தப் பழமொழியைப் படிப்பிக்க இதைவிட நல்ல இடம் வேறெங்கே?

ஒலியால் வந்த கரடி என்று சொல்லி முடித்துவிடலாம் என்றால், முரி ஊர்க் கரடி விடாது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த கரடி அதுதான்.

1832இல் பேர்னுக்கு அடுத்தாற்போல் உள்ள முரியில் நிலத்தைத் தோண்டியபோது உரோமர் காலத்து வெண்கலச் சிலைகள் சில கிடைத்தன. அவற்றில் ஒன்று: ஒரு தெய்வப்பெண் இருக்கையில் அமர்ந்திருக்கிறாள். அருகே பழங்கள். அவளுக்கு எதிரே ஒரு பெரிய கரடி, அதன் பின்னால் ஒரு மரம். கரடி அவளை வெருட்டவில்லை, அவளும் வெருளவில்லை. பீடத்தில் இலத்தீன் எழுத்து: ஆர்த்தியோ தெய்வத்துக்கு லிசினியா சபினில்லா அளித்தது. கெல்ட்டியர் மொழியில் 'ஆர்த்தோஸ்' என்றால் கரடி. கரடியம்மன் என்று நாங்கள் சொல்லலாம். ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: முதலில் மரமும் கரடியும் மட்டுமே இருந்தன, தெய்வப்பெண் பிறகு சேர்க்கப்பட்டவள். முதலில் விலங்கே தெய்வம். பிறகு தெய்வத்துக்கு மனித முகம் வந்து, விலங்கு அவள் முன்னே நின்றது. மயிலும் எலியும் நந்தியும் வாகனங்களாக நிற்பதைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு நிமிடம் போதும். சுவிஸ் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் வேண்டும்.

பெர்ஹ்டோல்ட் பிறப்பதற்குப் பல நூற்றாண்டு முன், இந்த ஊருக்கு நடந்துபோகும் தூரத்தில், ஒரு பெண் கரடித் தெய்வத்துக்குச் சிலை செய்வித்திருக்கிறாள். அதற்கும் 1224ஆம் ஆண்டு முத்திரைக்கும் இடையே தொடர்ச்சி உண்டு என்று காட்ட எந்தச் சான்றும் இல்லை. இல்லையென்றே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆனால் சிலையைக் காட்டுங்கள். ஹெல்வெத்தியாப் பிளாட்ஸில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்தின் சொத்து அது.

இனி அந்தச் சிவப்பு.

பேர்ன் கரடியின் உடம்பு கறுப்பு. நாக்கு சிவப்பு, நகங்கள் சிவப்பு, ஆண்குறியும் சிவப்பு. சின்னக்கலையில் வீரிய விலங்கை அப்படித்தான் காட்டுவார்கள், அதை விட்டுவிட்டால் அது குறைபட்ட விலங்கு. பேத்தியின் தாளில் அந்த இடம் அழித்திருந்தது. வெள்ளை மை தடவிப் பிரதி எடுத்ததன் அடையாளம்கூடத் தெரிந்தது. கூச்சம் எனக்கு விளங்குகிறது, நானும் யன்னலைத்தானே பார்த்தேன். ஆனாலும் கேட்கிறேன், தேரடியில் விளையாடி வளர்ந்தவர்கள் அல்லவா நாங்கள்? எங்கள் தேர்களின் அடிப்பீடத்தில் தச்சன் செதுக்கிவைத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சின்னஞ்சிறு சிவப்பு எந்த மூலைக்கு?

1579இல் சங்க் காலன் நகரத்து அச்சகர் ஒருவர் நாட்காட்டி ஒன்று அச்சிட்டார். அதில் அப்பென்சல் மாநிலத்தின் கரடிக்கு அந்த உறுப்பு விடுபட்டுப்போனது. எங்களைப் பெண்கரடி என்கிறாயா என்று அப்பென்சல்காரர் கொதித்தெழுந்தார்கள். போருக்குப் போகும் நிலை வந்து, சங்க் காலன் பக்கம் பணிந்து, நாட்காட்டியை அழித்த பிறகே அடங்கினார்கள். பெண்ணாக இருந்தால் என்ன குறை என்று இன்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முரிக் கரடியின் சொந்தக்காரி ஒரு பெண் தெய்வம்தானே. ஆனால் அந்த விவாதத்தைப் பிள்ளைகளோடு நடத்துவது ஒன்று, வெள்ளை மையால் ஓசையின்றி முடித்துவைப்பது வேறொன்று.

(நல்ல வேளை, படத்தில் கரடியை ஏறத்தான் விட்டிருந்தீர்கள். தலைகீழாக இறங்கவிட்டிருந்தால் ஊர்க்காரர் பொறுக்கமாட்டார்கள்.)

நிறங்களைப் பற்றியும் ஒரு கதை உண்டு. முன்பு நிலம் வெள்ளை, 1289இல் சோஸ்ஹால்டெ என்ற இடத்தில் தோற்றபின் சிந்திய இரத்தத்தை நினைத்துச் சிவப்பாக்கினார்கள் என்று. அதுவும் தலபுராண வகைதான், ஆகவே நீட்டவில்லை.

கீறிய கரடியை விட உயிருள்ள கரடிதான் இந்த ஊரின் வில்லங்கம். 1513இல் இத்தாலியில் நோவாரா என்ற இடத்தில் பேர்ன் படை வென்று, கொள்ளைப் பொருட்களோடு ஒரு கரடியையும் ஊருக்குக் கொண்டுவந்தது. அதைக் கட்டிவைத்த இடம் இன்றைக்கும் பேரன்பிளாட்ஸ், கரடிச் சதுக்கம். கிழமைச் சந்தையில் நாங்கள் கீரை வாங்குகிற அதே இடம். அதன்பிறகு தலைமுறை தலைமுறையாகக் குழியில் கரடி வளர்த்தார்கள். 1798 மார்ச்சில் பிரெஞ்சுப் படை நகருக்குள் நுழைந்தபோது, கருவூலப் பணத்தை அள்ளியதோடு நிற்காமல் கரடிகளையும் பாரிசுக்குக் கொண்டுபோனது. எதிரி எதைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்பதில்தான் ஒரு ஊரின் உயிர் எங்கே இருக்கிறது என்பது தெரியும். நூலகங்களை எரிப்பவனுக்கும் அது தெரிந்தேயிருக்கும்.

நான் வந்தது 1986இல். நீடெக் பாலத்தடியில், 1857இல் கட்டிய வட்டக் குழிக்குள் அப்போது கரடிகள் இருந்தன. முகாமில் இருந்த நாங்கள் நாலு பேர் ஒரு ஞாயிறு அங்கே போனோம். சுற்றுலாக்காரர் கரட் வாங்கி எறிந்தார்கள். கரடிக்குக் கரட், என்று எங்களில் ஒருவன் சொல்லச் சிரித்தோம். கரடிகள் பின்னங்காலில் எழுந்து, முன்கைகளைக் கூப்பி, மேலே பார்த்துக்கொண்டு நின்றன. சிரிப்பு நின்றுவிட்டது. நாங்களும் அன்று காலை சாப்பாட்டுச் சீட்டுடன் வரிசையில் நின்றுவிட்டு வந்தவர்கள். நான் கரடியோடு எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பினேன். அம்மா எழுதிய மறுமொழி: "தம்பி, கரடிக்குக் கிட்ட நிக்காதை. மெலிஞ்சு போனாய்."

2009 ஒக்டோபரில் குழியை விட்டு ஆற்றங்கரைச் சரிவுக்குக் கரடிகள் வந்தன. நீந்த இடம், தோண்ட மண், ஒளிந்துகொள்ளப் புதர். ஒரு ஊர் தன் சின்னத்துக்குச் செய்த அநியாயத்தை உணர்ந்து திருத்திக்கொள்ள நானூற்றுத் தொண்ணூற்றாறு ஆண்டுகள் எடுத்திருக்கிறது. இதுவும் தாளில் வரவேண்டிய செய்தி. இன்னொன்றும்: கேடயத்தில் கரடி ஏறிக்கொண்டிருந்த காலமெல்லாம் காட்டில் கரடியைச் சுட்டுத் தீர்த்தார்கள். சுவிஸின் கடைசிக் காட்டுக் கரடி 1904இல் கிராவுபுண்டன் மலையில் சுடப்பட்டது. பேர்ன் மாநிலத்தில் அதற்கும் முன்பே கரடி அற்றுப்போனது. 2017 மே மாதம் பேர்ன் மாநிலத்து எரிஸ் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு கரடி தானாக நடந்து வந்தது, விசாவும் இல்லாமல். ஏறத்தாழ இருநூறு ஆண்டில் முதல் தடவை. கொடியெல்லாம் கரடி வைத்திருந்த ஊர், உண்மையான கரடி வந்ததும் ஆட்டுப்பட்டியைப் பூட்டச் சொன்னது.

சின்னம் என்றால் பெருமை மட்டுமே என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். 1536 முதல் 1798 வரை லோசான் உட்பட வோ நாடு முழுவதும் பேர்ன் ஆட்சியின்கீழ் இருந்தது. அங்கே கோட்டைச் சுவர்களில் கரடிக் கேடயத்தைப் பதித்தார்கள். பிரெஞ்சு பேசிய அந்த மக்களுக்குக் கரடி ஊர்ப் பெருமையல்ல, வரி வாங்க வருகிறவரின் முத்திரை. மேஜர் தவேல் என்பவர் 1723இல் அந்த ஆட்சியை எதிர்த்து எழுந்தார். தலையை வெட்டினார்கள். விலங்கு பொறித்த கொடியொன்று தலைக்குமேல் பறக்க, அது எங்களுடையதல்ல என்ற உணர்வோடு வாழ்வது எப்படியென்று உங்களில் பலருக்குத் தெரியும். நான் விரிக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் ஒரு பெற்றோரிடம் சொன்னபோது, "எங்கட சரித்திரம் படிப்பிக்கவே நேரம் காணாது, இதுக்குள்ள அவங்கட கரடி வேறையோ?" என்றார். நியாயமான கேள்வி. ஒன்றரை மணி நேர வகுப்பு, அதில் பாதி எழுத்துப் பிழை திருத்துவதில் போகும்.

என் மறுமொழி இது. நான் சின்ன வகுப்பில் படித்தபோது சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்புவித்தேன். சோழனுக்கு ஏன் புலி என்று நான் கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசில் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்ற தமிழ் எழுத்து. ஒரு தீவின் வடமுனையில் ஆண்டவர்கள் கடலுக்கு அப்பாலிருக்கும் சேதுவை ஏன் தங்கள் காசில் எழுதினார்கள்? இராமேசுவரத்தோடு அவர்களுக்கு இருந்த உறவும், சேதுகாவலர் என்ற பட்டத்தின் பெருமையும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. ஐம்பது வயது தாண்டித்தான் அந்தக் காசின் படத்தை நான் முதன்முதல் பார்த்தேன். கரடியைப் பார்த்து 'முயலாக இருந்தால்?' என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, நந்தியைப் பார்த்தும் கேட்கும். கேட்கிற பழக்கம் ஒரு பக்கத்தால் வந்தால் மற்றப் பக்கத்தாலும் வரும். அவளுக்குக் கரடியும் சொந்தம், நந்தியும் சொந்தம். இதில் அவங்கட, எங்கட என்று பிரித்துக்கொண்டிருப்பது நாங்கள்தான். அவள் 'எங்கட ஊருக்கு என்ன பேர்' என்றுதான் கேட்டாள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை தாளை அடிக்கும்போது, 'ஆகவே பேர்ன்' என்று முடித்த இடத்தில் 'என்று சொல்கிறார்கள்' என்று மாற்றுங்கள். தமிழில் அதற்கு ஒரு சொல் போதும், 'என்பர்'. இலக்கணத்தோடு சேர்த்தே படிப்பிக்கலாம். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெரோனாவையும் பிரெனோடோரையும் கொடுத்து, எது பொருத்தமாகப் படுகிறது என்று தமிழில் வாதாட விடுங்கள். பட்டிமன்றத்துக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டியதில்லை. கரடிக்கு அதன் உறுப்பைத் திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகளை ஒரு புதன் பின்னேரம் மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். மணி அடிக்க நாலைந்து நிமிடம் முன்பே போய் நின்றால், சின்னக் கரடிகள் ஊர்வலமாகச் சுற்றுவதைப் பார்க்கலாம். கிராம்கச என்ற தெருவில் இருக்கும் 1535ஆம் ஆண்டு ஊற்றில், கவசம் பூண்டு ஸேரிங்கன் கொடி ஏந்திய பெரிய கரடியின் காலடியில் ஒரு குட்டி இருந்து திராட்சை தின்னும். பிள்ளைகளுக்குப் பெரியதைவிட அதைத்தான் பிடிக்கும்.

ஆட்கள் காணாவிட்டால் நான் வருகிறேன். முழங்கால் நோவு, மெதுவாகத்தான் நடப்பேன், ஆனால் பஸ் இலக்கங்கள் எல்லாம் பாடம்.

பேத்தி தாளைத் தீட்டி முடித்துவிட்டாள். அழித்திருந்ததைச் சிவப்புப் பென்சிலால் அவளே கீறிக்கொண்டாள், கொஞ்சம் பெரிதாகவே. வருகிற சனிக்கிழமை கொண்டுவருவாள். தயவுசெய்து பிழை போடாதீர்கள்.

அன்புடன்,
பும்ப்லிட்ஸிலிருந்து ஒரு அம்மப்பா